650 கிலோ லேத்தும் எங்க வீட்டு எர்த்தும்

போன வருஷம் ஆடி மாசம், கோயமுத்தூர் கணபதி ஏரியா பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பை மூடறாங்கன்னு கேள்விப்பட்டு சும்மா பாத்துட்டு வரலாம்னு போனேன். சும்மா பாக்கப் போனா சும்மா வர மாட்டேன்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும். நாலரை அடி லேத், அதான் இரும்பைச் சுத்த விட்டு கடையற மெஷின், பெல்ட் டிரைவ், 2 ஹெச்பி மோட்டார், பெட்ல (மத்த பாகமெல்லாம் உக்கார்ற நீள அடித்தளம்) ஹெட்ஸ்டாக் (சக்கைச் சுத்த வைக்கற பெட்டி) பக்கம் மட்டும் கொஞ்சம் தேய்மானம், மத்தபடி நல்ல மெஷின். சக் (கடையற துண்டைக் கவ்விப் பிடிச்சு சுத்தறது) மேல போன ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனம் காஞ்சு அப்படியே ஒட்டிட்டு இருந்துச்சு. விலை பேசி முடிச்சதும் ஓனர் அண்ணா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு, "எடுத்துட்டுப் போறது உங்க பொறுப்புங்க, நமக்கு அதுல ஒண்ணும் இல்லீங்க." நானும் பெருசா தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படிச்சவன், படிச்சதுக்கு சம்பந்தமில்லாம ஆபீஸ்ல உக்காந்து கணக்கு பாக்கற வேலை. வீட்டுக்குப் பின்னாடி 10க்கு 14ல ஒரு தகர ஷெட், அதுல ஏற்கனவே ஒரு பில்லர் டிரில்லிங் மெஷின், ஒரு கம்ப்ரஸர், ஒரு வெல்டிங் மெஷின். லேத் வாங்கின காசை விட அதைக் கொண்டு வந்து வெச்சு கரண்ட் குடுத்து ஓட்டறதுக்கு ஆன செலவு ஜாஸ்தி, நேரம் அதை விட ஜாஸ்தி. யூட்யூப்ல லேத்ல வேலை செய்யறதைப் பத்தி ஆயிரம் வீடியோ இருக்கு, ஆனா அது வீட்டுக்குள்ள வர்ற வரைக்கும் நடக்கற கூத்தைப் பத்தி தமிழ்ல உருப்படியா ஒண்ணும் கண்ணுல படல, அதான் எழுதறேன்.

மொதல்ல வெயிட். மெஷினோட பேர் பிளேட்ல ஒண்ணும் போடல. ஓனர் அண்ணா 650 கிலோ வரும்னாரு, நானும் அதையே எடுத்துக்கிட்டேன், ஆனா தூக்கறதுக்கான கயிறு பெல்ட் எல்லாம் 1 டன்னுக்கு மேல தாங்கற மாதிரிதான் பாத்தேன். இந்த வெயிட்டை விட பெரிய பிரச்சனை அது எங்க இருக்குங்கறதுதான். லேத்துக்கு இடது பக்கம் ஹெட்ஸ்டாக், மொத்த பாரத்துல பாதிக்கு மேல அங்கதான். அதுவும் கீழ இல்ல, மேல. கால் ரெண்டும் ஒடுக்கமா இருக்கும், முன்னாடி பின்னாடி பாத்தா ஒண்ணே முக்கால் அடி கூட இல்ல, மேல பாரம். யானையை ஸ்டூல் மேல நிக்க வெச்ச மாதிரி. இந்த மோட்டார் வேற பின்னாடி பக்கம் உயரத்துல தொங்குது, அதனால லேசா பின்பக்கம் சாஞ்சாலே போதும், அப்புறம் யாராலயும் நிறுத்த முடியாது.

மெஷின் ஷிஃப்டிங் பண்ற மேஸ்திரி ஒருத்தரைப் பிடிச்சேன், அறுபது வயசு இருக்கும், வெத்தலை போட்டுக்கிட்டே பேசுவாரு, கூட ரெண்டு பசங்க. நான் முன்னாடியே பெரிய இன்ஜினியர் மாதிரி சக், டெயில்ஸ்டாக் (வலது முனையில தாங்கற பாகம்), சேடில் (வெட்டற டூலைத் தாங்கி நகர்ற பாகம்), மோட்டார் எல்லாத்தையும் கழட்டி வெயிட்டைக் குறைச்சுடலாம்னு பிளான் போட்டு ஸ்பேனரோட நின்னேன். அவரு சக்கையும் மோட்டாரையும் மட்டும் கழட்டச் சொன்னாரு. சக்கைக் கழட்டும்போது பெட் மேல ஒரு பலகையைப் போட்டுட்டுத்தான் கழட்டணும், 20 கிலோவுக்கு மேல இருக்கும், கை நழுவினா பெட்டும் போச்சு விரலும் போச்சு. டெயில்ஸ்டாக்கையும் சேடிலையும் தொட விடல. "அது ரெண்டையும் அந்தக் கடைசிக்குத் தள்ளி டைட் பண்ணி வெச்சுரு கண்ணு, தராசுக்கு எடைக்கல்லு வேணும்ல." யோசிச்சுப் பாத்தா கரெக்ட், இடது பக்கம் இழுக்கற பாரத்துக்கு வலது பக்கம் அதுதான் ஈடு, அதைக் கழட்டிட்டா மெஷின் லேசாகும் ஆனா இன்னும் கோணலாகும்.

அப்புறம் ரெண்டு 4 இஞ்ச் மரக்கட்டை, ஒவ்வொண்ணும் மூணே கால் அடி நீளம், லேத்தோட கால் போல்ட் ஓட்டையில நேரா போல்ட் போட்டு முறுக்கியாச்சு. ஒண்ணே முக்கால் அடி அகலமா இருந்த கால் இப்ப மூணே கால் அடி. மொத்த வேலையில எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், 800 ரூபா கட்டை, ஆனா சாயற பயம் முக்கால்வாசி போயிருச்சு. யாராவது லேத் நகத்தப் போறீங்கன்னா வேற எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க.

ஒர்க்‌ஷாப்ல மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், அதுக்கு ஆங்கிள்ல ட்ரஸ். நான் செயின் பிளாக்கை (சங்கிலி இழுத்து பாரம் தூக்கற கப்பி) அதுல மாட்டி தூக்கிரலாமான்னு கேட்டேன், மேஸ்திரி என்னை ஒரு பார்வை பாத்தாரு, அதோட விட்டுட்டேன். கூரை தாங்கற ஆங்கிள் கூரையைத் தாங்கத்தான், காத்துக்கும் ஷீட்டுக்கும் கணக்குப் போட்டது, நடுவுல முக்கா டன் தொங்க விட்டா மொத்தமா உக்காந்துரும். கடப்பாரையை விட்டு ஒரு பக்கம் நெம்பி, அரை இஞ்ச் எழும்பினா அரை இஞ்ச் கட்டையைச் சொருகி, திரும்ப நெம்பி, திரும்ப சொருகி, எப்ப கடப்பாரை வழுக்கினாலும் மெஷின் அரை இஞ்சுக்கு மேல விழக்கூடாது, அப்படி. கட்டையைக் கையால பிடிச்சு உள்ள விடறதில்ல, இன்னொரு கட்டையால தள்ளறாங்க. நெம்பறதும் எங்க வேணா நெம்ப முடியாது, காஸ்ட் அயர்ன் ஓரத்துல குடுத்தா பிஸ்கட் மாதிரி ஒடஞ்சுரும், மரக்கட்டைக்கு அடியிலதான் குடுக்கணும். அடியில மூணு ஜிஐ பைப்பை உருட்டு மாதிரி விட்டு, பின்னாடி வெளிய வர்ற பைப்பை எடுத்து முன்னாடி போட்டு, ரோடு வரைக்கும் வந்துருச்சு. கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடற மாதிரி ஒரு பையன் ஆப்பைக் கையில வெச்சுட்டு கூடவே நடந்து வந்தான்.

ரோட்ல ஹைட்ரா கிரேன் வெச்சு வண்டியில ஏத்தினோம். கிரேன் ஆபரேட்டர்கிட்ட இருந்த பெல்ட் ரெண்டும் குட்டை, அதை மாட்டினா ரெண்டு பக்கமும் படுத்த மாதிரி விரிஞ்சு போகுது. இது பாக்க ஒண்ணுமில்லாத விஷயம், ஆனா கணக்கு போட்டா பயமா இருக்கும். ரெண்டு பெல்ட் செங்குத்தா தொங்கினா ஆளுக்குப் பாதி பாரம், 325 கிலோ. தரையோட 60 டிகிரி கோணத்துல இருந்தா ஒவ்வொண்ணுலயும் 375 கிலோ கிட்ட. அதுவே 30 டிகிரிக்கு படுத்துருச்சுன்னா ஒவ்வொரு பெல்ட்லயும் முழு 650 கிலோவும் ஏறும், அதோட பெட்டை ரெண்டு பக்கமும் இறுக்கி நசுக்கும். நீள பெல்ட் வர அரை மணி நேரம் வெயிட் பண்ணினோம், ஆபரேட்டருக்குக் கோவம், பரவால்ல. பெல்ட் போற வழியில லீட் ஸ்க்ரூ (சேடிலை நகத்தற நீள மரைத்தண்டு) இருந்தா அது வளைஞ்சுரும், அதனால நடுவுல கட்டை குடுத்து பெல்ட் பெட்டை மட்டும் தாங்கற மாதிரி செட் பண்ணினாரு மேஸ்திரி.

எங்க வீதி 10 அடி. மேல குறுக்க நாலு வீட்டு சர்வீஸ் ஒயர் போகுது, முனையில ஈபி லைன். அங்க கிரேனோட கையைத் தூக்கற பேச்சே வேண்டாம்னு முன்னாடியே முடிவு பண்ணிருந்தோம், லைன்ல படாட்டியும் பக்கத்துல போனாலே ஆபத்து, கிரேன் மொத்தமும் இரும்பு, தரையில நிக்கறவனுக்குத்தான் அடி. அதனால சி சேனல் (C வடிவ இரும்புச் சட்டம்) ரெண்டு, 12 அடி, வண்டியில இருந்து தரைக்குச் சரிவா போட்டு பைப் மேல இறக்கறது. இறக்கத்துல தள்ளவே வேண்டாம், அதுவா வரும், நிறுத்தறதுதான் வேலை. எதிர்ல இருந்த வேப்பமரத்துல கயிறை ரெண்டு சுத்து சுத்தி அந்தப் பக்கம் ஒரே ஒரு பையன், பதினெட்டு வயசு, ஒல்லி, அவன் மட்டும் பிடிச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா விட்டான். கயிறுக்கும் மரத்துக்கும் உரசல் ஓரளவு இருந்தாலே ரெண்டு சுத்துக்கு அந்தப் பக்கம் இழுக்கற பாரம் இந்தப் பக்கம் நாப்பதுல ஒரு பங்குதான் தெரியும், காலேஜ்ல இதுக்கு ஒரு ஃபார்முலா எழுதி பாஸ் பண்ணினேன், ஆனா அது வேப்பமரத்துல இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

ஒரு தப்பு என்னால நடந்துச்சு, மறைக்க வேண்டாம். கேட் படியில ஒரு பைப் கோணிக்கிச்சு, நான் டக்குனு காலால தட்டி நேராக்கப் போனேன். மேஸ்திரி என் சட்டை காலரைப் பிடிச்சு பின்னாடி இழுத்தாரு, பட்டனே பிச்சுக்கிச்சு. அவரு திட்டின திட்டை இங்க எழுத முடியாது. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அவரு சொன்ன ரூல் ரெண்டு, கையும் காலும் மெஷினுக்கு அடியில போகக்கூடாது, மெஷின் சாஞ்சா பிடிக்கக்கூடாது, விட்டுட்டு ஓடணும். ரெண்டாவதுதான் கஷ்டம். காசு போட்டு வாங்கினது விழுதுன்னா கை தானா போகும். அதனாலதான் அவரு ஓனரை எப்பவுமே பக்கத்துல விட மாட்டாராம், என்னை மட்டும் பாவம் பாத்து விட்டாராம். போர்ட்டிகோவுல 4 டைல்ஸ் ஒடஞ்சுது, மேல தடிமனா பிளைவுட் போட்டிருந்தா தப்பிச்சிருக்கும், அது என் கஞ்சத்தனம்.

சரி, மெஷின் ஷெட்டுக்குள்ள வந்தாச்சு. இனி கரண்ட்.

இங்க கொஞ்சம் பின்னாடி போகணும். லேத் வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, மழை பேஞ்சு ஷெட் தரை ஈரம், நான் வெறுங்கால்ல டிரில்லிங் மெஷினைத் தொட்டேன், சுருக்குனு ஒரு இழுப்பு. பெருசா இல்ல, எறும்பு கடிச்ச மாதிரி. செருப்பு போட்டுட்டு தொட்டா ஒண்ணும் இல்ல. நம்ம ஊர்ல இதுக்கு எல்லாரும் பண்றது என்ன, செருப்பு போட்டுக்கறது. நானும் ஒரு வாரம் அதைத்தான் பண்ணினேன். அப்புறம் சாக்கெட்டைக் கழட்டிப் பாத்தா பச்சை ஒயர் பின்னாடி வரைக்கும் வருது, ஆனா டெர்மினல்ல மாட்டாம முறுக்கி டேப் சுத்தி ஓரமா விட்டிருக்கு. வீடு கட்டும்போது ஒயரிங் பண்ணினவரு "யூஸ் பண்ணும்போது மாட்டிக்கலாம்"னு நெனச்சிருப்பாரு போல. 11 வருஷமா மூணு பின் சாக்கெட்ல மூணாவது ஓட்டை சும்மா அழகுக்கு இருந்திருக்கு.

மாட்டினேன். டெஸ்ட் லாம்ப் வெச்சு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல 100 வாட் குண்டு பல்பு போட்டேன், ஜம்முனு எரிஞ்சுது. எர்த் சூப்பர்னு நெனச்சேன். எல்லா எலக்ட்ரீஷியனும் இப்படித்தான் பாக்கறாங்க, இதுலதான் நான் ஏமாந்தேன். நான் படிச்ச பாலிடெக்னிக்ல தெரிஞ்ச லேப் அசிஸ்டென்ட் ஒருத்தரு எர்த் மெகர் (எர்த்தோட தடையை அளக்கற மீட்டர்) கொண்டு வந்து அளந்தாரு, 34 ஓம். பல்பு எரியுதேன்னு கேட்டேன். உக்காத்தி வெச்சு கணக்கு சொல்லிக் குடுத்தாரு. 100 வாட் பல்பு இழுக்கறது அரை ஆம்பியர் கூட இல்ல, 0.43. அது 34 ஓம்ல போனா 15 வோல்ட் விழும், பல்புக்கு மிச்சம் 215 வோல்ட் கெடைக்குது, ஜம்முனு எரியத்தான் செய்யும். ஆனா நிஜமா ஃபேஸ் ஒயர் மெஷின் பாடியில தொட்டா என்ன ஆகும்? 230ஐ 34ஆல வகுத்தா 6.8 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு (அளவுக்கு மேல கரண்ட் போனா தானா விழற ஸ்விட்ச்) அது ஒரு லோடு மாதிரி தெரியும், ட்ரிப்பே ஆகாது. மெஷின் பாடி முழுக்க கரண்ட் நிக்கும், நாம வந்து தொடற வரைக்கும் நிக்கும்.

சரி எர்த் குழி புதுசா போட்டுட்டா தீந்துச்சுன்னு 8 அடி ஆழம் தோண்டி, ஜிஐ பைப் இறக்கி, கரி உப்பு லேயர் லேயரா போட்டு, தண்ணி ஊத்தி, திரும்ப அளந்தா 6 ஓம். கைதட்டலாம்னு பாத்தா அவரு திரும்பவும் கணக்குப் போடறாரு. 230ஐ 6ஆல வகுத்தா 38 ஆம்பியர். 20 ஆம்பியர் சி கர்வ் எம்சிபி டக்குனு விழணும்னா 5ல இருந்து 10 மடங்கு, அதாவது 100 ஆம்பியராவது வேணும். 38 ஆம்பியருக்கு அது சூடாகி யோசிச்சு மெதுவாத்தான் விழும். அதனால நம்ம வீட்டு மாதிரி சொந்தக் குழி எர்த்துக்கு எம்சிபி மட்டும் பத்தாது, ஆர்சிசிபி வேணும். 30 மில்லி ஆம்பியர் எங்கயோ வழி மாறிப் போகுதுன்னு தெரிஞ்சாலே தட்டி விட்டுரும். எம்சிபி ஒயரைக் காப்பாத்தறதுக்கு, ஆர்சிசிபிதான் ஆளைக் காப்பாத்தறதுக்கு. அதுவும் ஃபேஸையும் நியூட்ரலையும் ரெண்டு கையில பிடிச்சா அதுக்குத் தெரியாது, லோடுன்னு நெனச்சுக்கும், அந்த அளவுக்குத்தான் அதோட அறிவு.

எர்த் சரியில்லன்னா சிலபேரு சாக்கெட்ல நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயர் போட்டு லூப் பண்ணி விட்டுருவாங்க, அந்த சுருக்குங்கற இழுப்பு போயிரும், கஸ்டமரும் சந்தோஷம். தயவுசெஞ்சு இதை மட்டும் பண்ண விடாதீங்க. எங்கயாவது நியூட்ரல் ஒயர் லூஸ் ஆச்சுன்னா, ஸ்விட்ச் ஆன்ல இருக்கற எந்த லோடு வழியாவும் ஃபேஸ் வந்து நேரா மெஷின் பாடியில உக்காரும், 230 வோல்ட், முழுசா.

ஷெட்டுக்கு மீட்டர் போர்டுல இருந்து 22 மீட்டர். பழைய ஒயர் 2.5 ஸ்கொயர், அதாவது சதுர மில்லிமீட்டர். கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகும்போது ஷெட் லைட் மங்கும், மோட்டார் முக்கும், சிலசமயம் எம்சிபி விழும். அதுக்கு ஒருத்தர் சொன்ன வைத்தியம் 32 ஆம்பியர் எம்சிபி போடுங்கன்னு, அதாவது காய்ச்சல் வந்தா தெர்மாமீட்டரை மாத்தற மாதிரி. போக 22 வர 22, 44 மீட்டர் காப்பர், 2.5 ஸ்கொயர்ல 0.3 ஓம் வரும். ஓடும்போது 10 ஆம்பியர்னா 3 வோல்ட், ஒண்ணுமில்ல. ஆனா மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஆறு மடங்கு இழுக்கும், 60 ஆம்பியர், 18 வோல்ட் ஒயர்லயே போயிருது. 4 ஸ்கொயர்க்கு மாத்தி, ஸ்டார்ட்டிங் இழுப்புக்கே சீக்கிரம் விழற பி கர்வ் எம்சிபியை எடுத்துட்டு அதே ஆம்பியர்ல சி கர்வ் போட்டதும் ரெண்டு பிரச்சனையும் போச்சு. ஷெட்டுக்குன்னு தனி போர்டு, தனி ஆர்சிசிபி, லைசென்ஸ் இருக்கற ஒயர்மேனை வெச்சுத்தான் பண்ணினேன், நான் கூட நின்னு தொல்லை குடுத்தேன், அவ்ளோதான். லைட்டை மட்டும் வேற சர்க்யூட்ல எடுத்தோம், ஏன்னா சுத்தற லேத் முன்னாடி நிக்கும்போது ட்ரிப் ஆகி இருட்டாச்சுன்னா அது தனி ஆபத்து, சக் உடனே நிக்காது.

இனி லேத் மோட்டார். 2 ஹெச்பி, த்ரீ ஃபேஸ், 415 வோல்ட், ஸ்டார் (மூணு காயிலோட ஒரு முனையையும் ஒண்ணா முடிச்சுப் போட்டது). என் வீட்ல சிங்கிள் ஃபேஸ். த்ரீ ஃபேஸ் கனெக்‌ஷனுக்கு எழுதிப் போடலாம், இல்ல சிங்கிள் ஃபேஸ் மோட்டார் மாத்தலாம், இல்ல விஎஃப்டி, அதாவது மோட்டார் வேகத்தை மாத்தற எலக்ட்ரானிக் டிரைவ். விஎஃப்டி 230 சிங்கிள் ஃபேஸ் வாங்கி த்ரீ ஃபேஸ் குடுக்கும், ஆனா குடுக்கறதும் 230தான், 415 இல்ல. இதைக் கவனிக்காம மாட்டிட்டு மோட்டார்ல சக்தியே இல்லன்னு பொலம்பறவங்க நிறைய. 415 ஸ்டார்ல ஓடற மோட்டாரோட ஒவ்வொரு காயிலுக்கும் கெடைக்கறது 415ஐ 1.732ஆல வகுத்தது, 240. அதனால அதே மோட்டாரை டெல்டாவா (மூணு காயிலையும் முக்கோணமா இணைக்கறது) மாத்தினா 230ல ஜோரா ஓடும். டெர்மினல் பாக்ஸ்ல ஆறு ஒயர் இருந்தா பட்டியை மாத்திப் போட்டா முடிஞ்சுது. என்னோடதுல திறந்தா மூணே ஒயர். ஸ்டார் முடிச்சு உள்ளயே, வார்னிஷுக்கு அடியில. காயில் கட்டற கடைக்குத் தூக்கிட்டுப் போனேன், அந்த அண்ணா ஒரு மணி நேரம் பல் டாக்டர் மாதிரி கிண்டி அந்த முடிச்சைக் கண்டுபிடிச்சு, பிரிச்சு, ஆறு ஒயரையும் வெளிய எடுத்துக் குடுத்தாரு. பேரிங்கும் மாத்தினாரு. 3 ஹெச்பிக்கு மேல இருந்தா நம்ம ஊர் மோட்டார் பெரும்பாலும் 415 டெல்டாவிலயே வரும், அதுக்கு இந்த வேலை செல்லாது, வாங்கறதுக்கு முன்னாடியே பிளேட்டைப் படிச்சுருங்க.

1932ல நீலகிரி பைக்காரா நீர்மின் நிலையத்துல இருந்து கோயமுத்தூருக்கு கரண்ட் வந்ததுக்கு அப்புறம்தான் இந்த ஊர்ல மில்லும் மோட்டாரும் பம்பும் கிடுகிடுன்னு வளந்துச்சு. காயில் கட்டற கடை, வார்ப்படக் கடை, பட்டறைன்னு தெருவுக்குத் தெரு இருக்கறதுக்குக் காரணம் அதுதான். வேற ஊரா இருந்தா இந்த மோட்டாரைத் தூக்கிப் போட்டிருப்பேன்.

லேத்ல பழைய ஃபார்வர்டு ரிவர்ஸ் ஹேண்டில் ஒண்ணு இருக்கு, டிரம் ஸ்விட்ச். அதை விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவுல விடக்கூடாது, ஓடும்போது திருப்பினா விஎஃப்டி செத்துரும். ஹேண்டில் எனக்குப் பிடிச்சிருந்ததால அதை விஎஃப்டியோட கண்ட்ரோல் டெர்மினலுக்கு சிக்னல் குடுக்கற மாதிரி மாத்திக்கிட்டேன். விஎஃப்டி கொஞ்சம் லீக்கேஜ் குடுக்கற சாமான், சிலசமயம் ஆர்சிசிபி காரணமில்லாம விழும், அதுக்காக ஆர்சிசிபியைக் கழட்டறவங்களும் இருக்காங்க. விஎஃப்டி மேனுவல்ல என்ன டைப் கேக்கறானோ அதை வாங்குங்க, கடையில சாதாரணமா எடுத்துக் குடுக்கற ஏசி டைப் ஆர்சிசிபி இதுக்கு நம்பிக்கை இல்ல. ஆஃப் பண்ணின உடனே மூடியைக் கழட்டிக் கையை விடவும் கூடாது, உள்ள கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், நான் 10 நிமிஷம் டீ குடிச்சுட்டு வந்து மீட்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் தொடுவேன். மொத தடவை ஓட்டும்போது பெல்ட் மாட்டாம மோட்டாரை மட்டும் ஓட்டி எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாத்தோம், ஏன்னா என் சக் மரையில மாட்டற டைப், உல்டாவா வேகமா சுத்தி டக்குனு எடுத்தா சக் தானா கழண்டு மடியில வந்து உக்காரும். உல்டாவாத்தான் சுத்துச்சு. ரெண்டு ஒயரை மாத்திப் போட்டதும் சரியாச்சு.

எங்க சித்தப்பா தோட்டத்துல கெணத்து மோட்டாருக்கு ஆட்டோ வெச்சிருக்காரு, ராத்திரி எப்ப கரண்ட் வந்தாலும் அதுவா ஸ்டார்ட் ஆகும், தூங்கிட்டு இருந்தாலும் தென்னைக்குத் தண்ணி பாயும். தோட்டத்துக்கு அது வரம். ஒர்க்‌ஷாப்புக்கு அது எமன். என் டிரில்லிங் மெஷின்ல சாதா டாகிள் ஸ்விட்ச்தான் இருந்துச்சு, ஒருநாள் வேலைக்கு நடுவுல கரண்ட் போச்சு, நான் சக் சாவியைப் போட்டு பிட்டைக் கழட்டிட்டு இருக்கேன், ஸ்விட்ச் ஆன்லயே இருக்குங்கறது ஞாபகமே இல்ல. சாவியை எடுத்து கீழ வெச்சு ரெண்டு செகண்ட், கரண்ட் வந்துச்சு, மெஷின் சுத்துது. ரெண்டு செகண்ட் முன்னாடின்னா இந்தப் போஸ்டை ஒத்தைக் கையில டைப் அடிச்சிருப்பேன். மறுநாளே டிஓஎல் ஸ்டார்ட்டர் வாங்கினேன், பச்சை பட்டன் சிவப்பு பட்டன் வெச்ச டப்பா, கரண்ட் போனா உள்ள இருக்கற காயில் விட்டுரும், திரும்ப பச்சையை அமுக்காம ஓடாது. கூடவே ஓவர்லோட் ரிலே. விஎஃப்டியிலயும் கரண்ட் வந்ததும் தானா ஓடற செட்டிங் ஒண்ணு இருக்கும், அதை ஆஃப்ல வெச்சிருக்கேன். லேத்துக்கு காளான் மாதிரி சிவப்பு ஸ்டாப் பட்டனை இடது பக்கம் கீழ வெச்சேன், மொதல்ல ஹெட்ஸ்டாக் மேல வெச்சு அழகு பாத்தேன், அப்புறம்தான் தோணுச்சு, ஆபத்து சமயத்துல சுத்தற சக்கைத் தாண்டி கையை நீட்டி எவன் அமுக்குவான்.

லேத்துக்கு சக்கரம் போடலாமான்னு ஒரு ஃப்ரெண்ட் கேட்டான், கூடாது, அது தரையில போல்ட் போட்டு நிக்கற ஜாதி. ஆனா மத்த மூணையும் சக்கரத்துல ஏத்திட்டேன், இடம் பத்தல. நாலு சக்கரம் போட்டா ஒவ்வொண்ணும் கால்வாசி பாரம் தாங்கினா போதும்னு நெனச்சு வாங்கிராதீங்க, நம்ம சிமெண்ட் தரை மேடு பள்ளம், எப்பவும் ஒரு சக்கரம் தொங்கிட்டுத்தான் இருக்கும், மூணுல பங்கு போட்டு அதுக்கு மேல வாங்கணும். சின்ன சக்கரம் ஒரு இரும்புச் சுருள்ல மாட்டினா அப்படியே நிக்கும், மேல இருக்கற பில்லர் டிரில் நிக்காது, குப்புற விழும். அதனால 5 இஞ்ச் சக்கரம், பேஸை விட அரை அடி அகலமான ஃபிரேம், டேபிளை அடி வரைக்கும் இறக்கிட்டுத்தான் தள்ளறது. வேலை செய்யும்போது சக்கர பிரேக்கை நம்பாம மூலையில திருகு கால் இறக்கி நிக்க வெச்சுக்கறேன். நகர்ற மெஷினுக்கு ஒயரும் ஆடிக்கிட்டே இருக்கும், அதனால மல்டி ஸ்ட்ராண்ட் கேபிள்தான். பிளக் மாட்டும்போது உள்ள பச்சை ஒயரை மத்த ரெண்டை விட ஒரு இஞ்ச் நீளமா விட்டு மாட்டுங்க, யாராவது கேபிளை இழுத்தா ஃபேஸ் மொதல்ல பிச்சுக்கணும், எர்த் கடைசியா. பிளக்ல எர்த் பின் நீளமா இருக்கறதும் இதே காரணத்துக்குத்தான், மொதல்ல உள்ள போய் கடைசியா வெளிய வரும்.

லேத்துக்கு அடியில 6 இஞ்ச் கான்கிரீட் கம்பி கட்டி போட்டு மூணு வாரம் தண்ணி விட்டோம். கொத்தனார் ரசமட்டம் வெச்சு பக்காங்கறாரு. ஆறு இஞ்ச் நீளத்துக்கு ஒரு ராடு கடைஞ்சு ரெண்டு முனையிலயும் மைக்ரோமீட்டர் வெச்சா 4 நூறு வித்தியாசம், அதாவது 0.04 மில்லி. கால்ல தகரத் துண்டு குடுத்து, போல்ட்டை லூஸ் பண்ணி டைட் பண்ணி, இப்ப ஒண்ணரை நூறுக்கு வந்திருக்கு, இன்னும் மல்லுக்கட்டிட்டு இருக்கேன்.

மேஸ்திரியோட மூணு பைப் இன்னும் ஷெட் ஓரத்துலயே கெடக்கு. நேத்து போன் பண்ணி கேட்டாரு, ஞாயித்துக்கெழமை கொண்டு வந்து தர்றேன்னு சொல்லிருக்கேன். போற வழியில அவருக்கு வெத்தலை வாங்கணும்.